275-ஆ, 350-ஆ என்று கேட்பதற்கு முன்னால்

கேள்வி இது: "வயது 31. இரண்டு குழந்தைகள். சின்னவன் பால் மறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மார்பு வற்றிப்போன மாதிரி இருக்கிறது, 34 ஏ கப் கூடத் தொளதொளக்கிறது. மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பையான இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஒரு டாக்டர் 275 சிசி உருண்டை வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் 350, துளி வடிவம் என்கிறார். என் தோழி 375 வைத்திருக்கிறாள், அவளுக்கு நன்றாக இருக்கிறது. சி கப் வர எத்தனை சிசி வேண்டும்? சிலிக்கோன் நல்லதா, சலைன் நல்லதா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் பதினெட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இம்ப்ளாண்ட் பெட்டியைப் பிரித்து டாக்டர் கையில் கொடுத்ததும் நான்தான், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வெளியே எடுத்ததை டிரேயில் வாங்கியதும் நான்தான். இந்த இரண்டாவது வேலையில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அதனால் நான் சொல்வதை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக வேண்டாம்.

"சி கப்புக்கு எத்தனை சிசி" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. சிசி என்பது இம்ப்ளாண்டின் கொள்ளளவு. கப் எழுத்து தனியாக ஓர் அளவு அல்ல, பட்டையின் சுற்றளவோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம். 34 பி, 32 சி, 36 ஏ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு. ஒரு கப் ஏற 150 முதல் 200 சிசி என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். ஒல்லியான உடம்பில் அதைவிடக் குறைவிலேயே ஏறிவிடும், அகன்ற மார்புக்கூட்டில் அதுவும் போதாது. போதாக்குறைக்குப் பிரா கம்பெனிகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒரே பெண் ஒரு கடையில் பி, அடுத்த கடையில் சி. எந்த நல்ல சர்ஜனும் உங்களுக்குக் கப் எழுத்தை உறுதி கொடுக்க மாட்டார்.

தோழியின் 375-ம் அப்படித்தான். டெய்லரிடம் போகும்போது உங்கள் அளவு பிளவுஸைத்தானே கொண்டுபோவீர்கள், தோழியின் பிளவுஸையா கொண்டுபோவீர்கள்? அவள் உயரம், தோள் அகலம், ஏற்கெனவே இருந்த சதை இதெல்லாம் தெரியாமல் அந்த 375-ஐ வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? சென்டிமீட்டரைப் பாருங்கள். ஒழுங்காக அளக்கும் டாக்டர் உங்களைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, டேப்பும், தடிமன் அளக்கும் காலிப்பரும் எடுப்பார். கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை எவ்வளவு, இரு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பார். பிறகு மார்பின் அடித்தள அகலம், அதாவது நடு எலும்புப் பக்கத்து ஓரத்திலிருந்து அக்குள் பக்கத்து ஓரம் வரை. மார்பின் மேல்பகுதியை இரண்டு விரலால் கிள்ளி அந்தத் தடிமனைக் காலிப்பரில் படிப்பார். கடைசியாகத் தோலை இழுத்துப் பிடித்துக் காம்பிலிருந்து அடிமடிப்பு வரை, அதாவது மார்புக்குக் கீழே உள்ள மடிப்பு வரை அளப்பார். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் போட்டோவைப் பார்த்து சிசி சொல்பவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் அகலம்தான் ராஜா. இம்ப்ளாண்ட் உங்கள் மார்பின் அடித்தளத்துக்குள் அடங்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் அகலம் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இருபக்கமும் உள்ள உங்கள் சொந்தச் சதைக்காக அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கழித்தால், 11-லிருந்து 11.5-க்குள் விட்டமுள்ள இம்ப்ளாண்ட் உட்காரும். இனிமேல்தான் சிசி வருகிறது. ஒரே விட்டத்தில் தட்டையாகவும் கிடைக்கும், குவிந்ததாகவும் கிடைக்கும். இதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள். 11.3 வாக்கில் விட்டமுள்ள நடுத்தரப் புரொஃபைல் 250, 275 சிசி அளவில் வரும். அதே விட்டத்தில் உயர் புரொஃபைல் எடுத்தால் 325, 350 வரை போகும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

இப்போது உங்கள் இரண்டு டாக்டர்களையும் திரும்பப் பாருங்கள். ஒருவர் 275, ஒருவர் 350. சண்டை போலத் தெரிகிறது, ஆனால் இரண்டு பேரும் ஒரே விட்டத்தைத்தான் மனதில் வைத்திருக்கலாம். முன்னால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. இதற்கு நேர்மாறாக, ஒரே 300 சிசியை 13 சென்டிமீட்டர் அகலத் தட்டையாகவும் வாங்கலாம், 11 சென்டிமீட்டர் குவிந்ததாகவும் வாங்கலாம். எண் ஒன்று, உடம்பில் தெரிவது இரண்டு. அதனால் சிசியை மட்டும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். விட்டம் எவ்வளவு, முன்தள்ளல் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் தியேட்டரில் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டு பேர் சத்தமாகப் படிப்போம்: கம்பெனி, சிசி, விட்டம், முன்தள்ளல், காலாவதித் தேதி, வலமா இடமா. வலமா இடமா என்பதைத் தவிர மற்றதெல்லாம் பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கும்.

அகலத்தை மீறினால் என்ன ஆகும்? உள்பக்கம் மீறினால் இரண்டு மார்பும் நடுவில் ஒட்டிக்கொண்டது போல ஆகும். வெளிப்பக்கம் மீறினால் கை அடிக்கடி உரசும். கனம் தாங்காமல் அடிமடிப்பு கீழே இறங்கி, காம்பு மேலே பார்க்கும். தோலும் சதையும் நாளாக ஆக மெலிந்துபோகும், ஒருமுறை மெலிந்தால் திரும்ப வராது. ஒருவர் நினைவுக்கு வருகிறார். அகலம் 11 கூட இல்லாத சின்ன உடம்பு, வேறெங்கோ 425 வைத்துக்கொண்டு எட்டு வருடம் கழித்து எங்களிடம் வந்தார். குனிந்தால் இம்ப்ளாண்டின் ஓரம் தோலுக்கடியில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது, கன்னத்தை விரலால் தடவுவது போல அதைத் தடவ முடிந்தது. எடுத்த பிறகு மிஞ்சிய தோல் காற்றுப்போன பலூன் மாதிரி இருந்தது. சின்னதாக ஒன்றை வைத்து, அதிகத் தோலை வெட்டித் தைத்து அனுப்பினார்கள். முதலில் இல்லாத தழும்பும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது உங்கள் விஷயத்தில் முக்கியமானது, கேள்வியில் நீங்கள் சொல்லாதது. தொய்வு இருக்கிறதா? இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்த மார்பில் சதை வற்றுவது ஒன்று, தோல் தொங்குவது இன்னொன்று. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காம்பு அடிமடிப்புக்கு மேலே நின்றால் பெரும்பாலும் இம்ப்ளாண்ட் மட்டுமே போதும். மடிப்பு மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருந்தால், தூக்கித் தைக்கும் ஆபரேஷன் தனியாகத் தேவைப்படலாம். "கொஞ்சம் பெரிதாக வைத்தால் தானே தூக்கிக்கொள்ளும்" என்பது நான் அடிக்கடி கேட்ட ஆறுதல் வார்த்தை. இம்ப்ளாண்ட் நிரப்பும், தூக்காது. தொய்ந்த தோலை நிரப்பவே பெரிய சைஸ் போட்டால் கனத்தில் இன்னும் இறங்கும். 350 சொன்ன டாக்டர் தழும்பைத் தவிர்க்கத்தான் அப்படிச் சொன்னாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இன்னொன்று, மூன்றாவது குழந்தை மனதில் இருந்தால் இப்போது எதையும் செய்யாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். சின்னவனின் பால் பாட்டில் இன்னும் இருக்கும் அல்லவா, அதில் மில்லி கோடு இருக்கும். ஒரு மில்லிதான் ஒரு சிசி. 275 மில்லி பச்சரிசி அளந்து ஒரு நைலான் சாக்ஸில் போட்டு முடிச்சுப் போடுங்கள், இன்னொரு பக்கத்துக்கும் ஒன்று. இறுக்கமான, கம்பியில்லாத ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் தட்டையாகப் பரப்பி வைத்து, மேலே வழக்கமாகப் போடும் சுடிதாரும் புடவையும் உடுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அதோடு நடமாடுங்கள். மாடிப்படி ஏறுங்கள், வாசல் பெருக்குங்கள், ஸ்கூட்டி ஓட்டுங்கள், குழந்தையைத் தூக்குங்கள். அப்புறம் 350 வைத்துப் பாருங்கள்.

இதில் இரண்டு ஏமாற்று உண்டு. அரிசி இலேசு. 300 மில்லி அரிசி கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் நிற்கும், 300 சிசி சிலிக்கோன் கிட்டத்தட்ட 300 கிராம். கனம் எப்படி என்று தெரிய, கெட்டியான ஜிப் கவரில் அதே அளவு தண்ணீர் கட்டி வைத்துப் பாருங்கள், அதுதான் சரியான எடை. இரண்டாவது, வெளியே வைப்பது போலவே உள்ளே தெரியாது. இம்ப்ளாண்ட் நெஞ்சுத் தசைக்கடியில் போனால் அழுத்தத்தில் சற்றே சிறுத்துத் தெரியும். ஆக இது துல்லியமான அளவுகோல் இல்லை, எந்தப் பக்கம் உங்கள் மனம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்.

275-க்கும் 300-க்கும் நடுவே தூக்கம் கெடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 25 சிசி என்பது ஐந்து டீஸ்பூன். அதை ஒரு மார்பு முழுக்கப் பரப்பினால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. 50, 75 வித்தியாசம் வந்தால்தான் பேச்சு. மூன்றாம் மாதம் வீக்கமெல்லாம் வடிந்து இறங்கி உட்கார்ந்த பிறகு, "இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமோ சிஸ்டர்" என்று கேட்டவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்து மாற்ற வந்தவர்களில் பலர் கேட்டது சின்னதாக்கச் சொல்லித்தான். தோள்பட்டை வலி, குப்புறப் படுக்க முடியாதது, பிளவுஸ் தைப்பதில் தொல்லை.

இனி உள்ளே என்ன. சலைன் என்பது சிலிக்கோன் உறைக்குள் உப்புத் தண்ணீர். உறை இரண்டுக்கும் சிலிக்கோன்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. சலைன் ஒழுகினால் மார்பு வற்றிவிடும், உடனே தெரியும், உப்புத் தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அது நல்ல விஷயம். ஆனால் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரிதான் இருக்கும், சதை குறைந்தவர்களுக்கு மேலே அலை அலையாகத் தெரியும். நீங்கள் வற்றிப்போனது என்று சொல்வதால், உங்களுக்கு சலைன் அவ்வளவு பொருந்தாது என்றே நினைக்கிறேன். நம் ஊர் தியேட்டர்களில் பெரும்பாலும் வருவதும் சிலிக்கோன் ஜெல்தான்.

சிலிக்கோன் பற்றிய பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு டாக்டர்கள் முதல் சிலிக்கோன் இம்ப்ளாண்டை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். அவர் வந்ததே மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கத்தான்! முப்பது வருடம் போன பிறகு, 1992-இல், பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அழகுக்காக வைக்கும் சிலிக்கோனை நிறுத்தியது. நிறைய ஆய்வுக்குப் பிறகு 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள், அழகுக்காக என்றால் 22 வயதுக்கு மேல் என்ற நிபந்தனையோடு. நடுவில் பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத்துக்கு ஆகாத, தொழிற்சாலைக்கான சிலிக்கோனை நிரப்பி உலகம் முழுக்க விற்றது. 2010-இல் பிடிபட்டது, அதன் நிறுவனர் சிறைக்குப் போனார். அதனால்தான் கம்பெனி பெயரை முதலிலேயே கேட்கச் சொல்கிறேன். "இம்போர்ட்டட், டாப் குவாலிட்டி" என்பது பெயர் ஆகாது.

இப்போதைய ஜெல் கெட்டியானது, வெட்டினாலும் அல்வாத் துண்டு மாதிரி நிற்கும். கெட்டி கூடக்கூட வடிவம் நிற்கும், அலை குறையும், ஆனால் தொடும்போது விறைப்பாக இருக்கும். கையில் வாங்கி அமுக்கிப் பாருங்கள், எல்லா நல்ல கிளினிக்கிலும் மாதிரி வைத்திருப்பார்கள். இதில் ஒரு சிக்கல், கிழிந்தாலும் வெளியே தெரியாது. அதனால் வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று எஃப்டிஏ சொல்கிறது. இது ஆயுளுக்கும் வைக்கும் பொருள் அல்ல, உங்கள் 31 வயதுக்கு இன்னும் ஒரு ஆபரேஷனாவது வரும். இன்றைக்கான பணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். பணம்தான் தடை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018-இல் மார்பக அழகு அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தொடங்கியது, போய் விசாரிக்கலாம்.

துளி வடிவத்துக்கு வருகிறேன். மேலே சரிவு, கீழே நிறைவு, படத்தில் பார்க்க இயற்கையாகத் தெரியும். ஆனால் உருண்டை இம்ப்ளாண்டும் நிற்கும்போது ஜெல் கீழே இறங்கி ஏறக்குறைய அந்தச் சரிவைத்தான் காட்டும், அதுவும் மேல்பாதி தசைக்கடியில் இருந்தால். உருண்டை உள்ளே சுழன்றாலும் உருண்டைதான். துளி சுழன்றால் மார்பு கோணிப்போகும், மறுபடி தியேட்டர். சுழலாமல் பிடிக்கவே துளி வடிவத்துக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு வைத்தார்கள். அந்தச் சொரசொரப்புதான் பெரிய பிரச்சினை ஆனது. இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறையில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி பயோசெல் என்ற தன் சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வருவது அபூர்வம். பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. சீக்கிரம் கண்டுபிடித்து இம்ப்ளாண்டையும் உறையையும் சேர்த்து எடுத்தால் அநேகமாகக் குணமாகிவிடும். இருந்தாலும் அழகுக்காக ஒன்றை வைக்கும்போது அந்த அபூர்வத்தையும் எதற்கு வாங்க வேண்டும்? புற்றுநோய்க்கு மார்பை எடுத்தவர்களுக்கு மறுபடி உருவாக்கும்போது துளி வடிவத்துக்கு இன்னும் இடம் உண்டு. உங்களுக்கு வழவழப்பான உருண்டைதான் என் சாய்வு. 350 துளி சொன்னவரிடம் மேற்பரப்பு எது, ஏன் என்று கேளுங்கள்.

தசைக்கு மேலா, கீழா என்பதை அந்தக் கிள்ளல் தீர்மானிக்கும். மேல்பகுதியில் கிள்ளிய தடிமன் 2 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் மேல்பாதியைத் தசையால் மூடுவதே வழக்கம், இல்லாவிட்டால் ஓரம் தெரியும். இம்ப்ளாண்டைச் சுற்றிய அந்த உறை சுருங்கி மார்பு இறுகிப்போவதும் தசைக்கடியில் குறைவு. பதிலுக்கு முதல் வாரம் வலி அதிகம், கையை அழுத்தும்போது மார்பு அசைந்து தெரியும். ஜிம்மில் கனமாகத் தூக்குபவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெட்டுக்கு மூன்று இடம்: அடிமடிப்பு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரம், அக்குள். நம் தோலில் தழும்பு தடித்துப் போகும் சுபாவம் அதிகம். காது குத்திய இடம் எப்படி ஆறியது, சிசேரியன் தழும்பு இருந்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு தெரியும். மடிப்புத் தழும்பு பிராவுக்குள் மறையும், அக்குள் தழும்பு ஸ்லீவ்லெஸ்ஸில் எட்டிப்பார்க்கும். மடிப்புதான் நல்லது என்பேன்.

ஆபரேஷன் நாளில் ஒன்று நடக்கும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மயக்கத்தில் இருக்கும்போதே மேஜையை நிமிர்த்தி உங்களை உட்காரவைப்பார்கள். உள்ளே சைஸர் என்ற தற்காலிகப் பை இருக்கும். டாக்டர் கால்மாட்டுக்குப் போய் நின்று பார்ப்பார், இடது மார்பு கொஞ்சம் சின்னது என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் 25 கூடப் போடுவார். யாருக்கும் இரண்டு மார்பும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே "275 மட்டும்தான்" என்று கட்டிப்போடாமல், 250-க்குக் குறையாமல் 300-க்கு மேல் போகாமல் என்று ஓர் எல்லை எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு எது ஆகாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள், "மேலே உருண்டு தெரியக்கூடாது" என்பது மாதிரி. அது சிசியைவிட டாக்டருக்கு அதிகம் உதவும். முடிந்ததும் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்து ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம், இன்னொன்று கார்டில் ஒட்டி உங்கள் கைக்கு வரும். அதை வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு டாக்டர்களிடமும் அடித்தள அகலம், கிள்ளிய தடிமன், காம்பிலிருந்து மடிப்பு வரை உள்ள தூரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்றும் ஒத்துப்போனால் இருவரும் உங்களை ஒழுங்காக அளந்திருக்கிறார்கள், மீதி உங்கள் விருப்பம். ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒருவர் டேப்பையே எடுக்கவில்லை. 275-ஆ 350-ஆ என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.